கேப்டன் வாயில் மிட்டாய்

படகுக் கொட்டகைக்குள் நுழைவதற்கு முன்பே மேஸ்திரி பையைத் திறந்து ஒரு எலுமிச்சை மிட்டாயை எடுத்து, உறையைப் பிரித்து, கணவரின் வாயில் போட்டாள். அவரும் சமர்த்தாக வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். மிட்டாய் கரையும் வரைக்கும் பேச்சு கிடையாது. கரைந்துவிட்டால் அடுத்தது தயாராக இருக்கும். இதுதான் வீட்டிலேயே பேசி முடித்த ஒப்பந்தம்.

இதில் மனுஷனை அவமானப்படுத்தும் எண்ணம் எதுவும் இல்லை. விற்பவர் முன்னால் பொருளைப் புகழ்வது அவருடைய பிறவிக் குணம். பழைய வாஷிங் மெஷின் வாங்கப் போன இடத்தில், என்ன அமைதியாக ஓடுகிறது பார் என்று வியந்துபோனார். அமைதியாகத்தான் ஓடியது, உள்ளே டிரம் சுற்றவே இல்லை. ஸ்கூட்டர் வாங்கப் போனபோது சீட்டைத் தடவிக்கொடுத்துத் தடவிக்கொடுத்தே விலையை ஏற்றிவிட்டார். சாதாரணச் சாமானுக்கே இந்தக் கதி என்றால், படகு என்று வந்தால் கேட்கவே வேண்டாம். படகைக் கண்டால் அவருக்குத் தலைகால் புரியாது.

ஊரில் எல்லோரும் அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிட்டார்கள். உண்மையில் அவர் எந்தக் கப்பலுக்கும் கேப்டன் இல்லை. ஆறு கடலில் சேரும் இடத்தில், இந்தக் கரைக்கும் அக்கரைக்கும் ஆள் ஏற்றிப் போகும் கம்பெனிப் படகை ஓட்டியவர். ஆற்றின் மேற்பக்கம் தொலைவில் ஒரு பாலம் வந்தது. பாலத்தில் பஸ் ஓட ஆரம்பித்தது. கம்பெனிக்காரர்கள் படகை விற்றுவிட்டு, கைகுலுக்கி, ஒரு சுவர்க்கடிகாரத்தைப் பரிசாகக் கொடுத்து அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பஸ் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் விடிந்துவிடும் என்று அக்கரை ஜனங்கள் புலம்பாத நாள் இல்லை. ஆனால் புலம்பினால் படகு வருமா?

அன்றிலிருந்து அவர் வீட்டில் இருந்தார். வீட்டில் இருந்தார் என்று சொல்வதுகூடத் தப்பு, வீட்டில் தேங்கிக் கிடந்தார். மேஸ்திரி வேலை முடிந்து வரும்போது துணி காயப்போடும் கயிறு புதுப்புது முடிச்சுகளோடு இருக்கும். சமையலறை டப்பாக்கள் உயரவாரியாக நிற்கும். பரிசுக் கடிகாரத்தைப் பார்த்து, "இப்ப மூணாவது டிரிப்பு திரும்பியிருக்கும்" என்பார். அவளுக்கு அது பொறுக்கவில்லை. குரலில் குறை எதுவும் இருக்காது, அதனால்தான் பொறுக்கவில்லை.

அவளுடைய தம்பி ஒரு குடோனில் மேனேஜர். அங்கே காவலாளி வேலை காலியாக இருந்தது. நிழலில் நாற்காலி, கையில் டார்ச், மாதம் பிறந்தால் சம்பளம். வருகிற திங்கட்கிழமை மச்சான் வந்து சேர்ந்துகொள்ளட்டும் என்று தம்பி சொல்லிவிட்டான். கேப்டன் மறுக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். சொந்தமாக ஒரு படகு கிடைத்தால் பழைய துறையிலேயே ஓட்டிக்கொள்ளத் துறைமுக ஆபீஸில் அனுமதி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அதற்குள் ஒரு நல்ல படகு அமைந்துவிட்டால் தன்னை விட்டுவிட வேண்டும் என்றார். நல்ல படகா இல்லையா என்பதை யார் முடிவு செய்வது என்று அவள் கேட்டாள். நீயே சொல்லு என்று கையில் அடித்துக் கொடுத்துவிட்டார்.

அதன் பிறகு பார்த்த படகுகளையெல்லாம் அவள் தட்டிக் கழித்துவிட்டாள். ஒன்றில் அடிப்பலகை உளுத்திருந்தது. ஒன்றில் எஞ்சினே வேறொரு எஞ்சினின் பிணம். இன்னொன்றை ஏன் வேண்டாம் என்றாள் என்பது அவளுக்கே சரியாக நினைவில்லை. இன்றைக்குப் பார்க்கப்போவதுதான் கடைசி. இதிலும் ஒரு குறை கண்டால் திங்கட்கிழமை டார்ச்சும் நாற்காலியும்தான். இதில் ஒளிவுமறைவு இல்லை, இரண்டு பேருக்கும் தெரியும்.

ஒளித்துவைத்தது ஒன்று அவள் பக்கம் இருந்தது. குடோனில் அலை அடிக்காது. அவள் சின்ன வயதிலிருந்தே தண்ணீருக்குப் பயந்தவள். இத்தனை வருடமாக, மழைக்காலத்தில் அவர் திரும்பி வரும் வரைக்கும் ஒரு வாய் சாப்பாடு இறங்கியதில்லை. அதை அவரிடம் சொன்னதும் இல்லை. ஊரையே மிரட்டி வேலை வாங்குகிற மேஸ்திரி, போயும் போயும் தண்ணீருக்குப் பயப்படுகிறாள் என்று யாராவது சொல்லிவிட்டால் என்ன ஆவது?

அவள் டைல்ஸ் போடும் மேஸ்திரி. குளியலறை, சமையலறை, ஆஸ்பத்திரி வராந்தா என்று அவள் கை படாத தரை அந்த வட்டாரத்தில் குறைவு. ஒட்டிய கல்லைக் கரணையின் பிடியால் தட்டிப் பார்த்தே, அடியில் கலவை சரியாகப் பிடித்திருக்கிறதா, காற்று நிற்கிறதா என்று சொல்லிவிடுவாள். அவளுக்கு அந்தக் காதின் மேல் அசாத்திய நம்பிக்கை. சும்மா சொல்லக் கூடாது, அந்த நம்பிக்கையை அவள் சம்பாதித்திருந்தாள்.

கொட்டகைக்குள் விற்பவர் காத்திருந்தார். மருந்துக்கடைக்காரர், வெள்ளைச் சட்டை, மாத்திரை எண்ணிக் கொடுத்துப் பழகிய மெல்லிய விரல்கள். படகு மரச்சட்டத்தின் மேல் நின்றது. வெள்ளை நிற ஃபைபர் படகு, முன்னால் தலை குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு கேபின், பின்னால் இரண்டு பக்கமும் நீள பெஞ்சு, நடுவில் மூடிக்குக் கீழே டீசல் எஞ்சின். பழசுதான், ஆனால் பார்த்தவுடனே பிடித்துப்போகிற பழசு. கேப்டனின் கன்னத்தில் மிட்டாய் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு ஓடியதை மேஸ்திரி ஓரக்கண்ணால் பார்த்தாள்.

ஏன் விற்கிறீர்கள் என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டாள். மருந்துக்கடைக்காரர் கொஞ்சம் நெளிந்தார். பிறகு, தனக்குப் படகில் ஏறினால் தலைசுற்றல், வாந்தி என்று ஒத்துக்கொண்டார். ஊருக்கெல்லாம் அதற்கு மாத்திரை கொடுப்பவர், தனக்கு மட்டும் எதுவும் கேட்கவில்லையாம். வாங்கிப் பல வருடம் ஆகிறது, பழகிவிடும் பழகிவிடும் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் தனியாகப் போய்க் கஷ்டப்பட்டுவிட்டு வந்திருக்கிறார். கூட்டுக் குடும்பத்தோடு போக வேண்டும் என்று வாங்கி வைத்த மிதவைச் சட்டைகள் பெஞ்சுக்கு அடியில் உறை பிரிக்காமலே கிடந்தன. வீட்டில் யாரும் கூட வரவில்லை.

"பொய் சொல்லி விக்கிற ஆள் இல்லீங்க நான். பாத்துக்குங்க. எதை வேணா தட்டிப் பாருங்க" என்றார்.

தட்டிப் பாருங்கள் என்று அவளிடமா சொல்வது? மேஸ்திரி பையிலிருந்து கரணையை எடுத்தாள். முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, படகின் மூக்கில் ஆரம்பித்தாள். டக், டக், டக் என்று கெட்டியான சத்தம். ஒரு சாண் விட்டு ஒரு சாண், அடியிலிருந்து மேலே, மேலேயிருந்து அடிக்கு. ஃபைபர் உள்ளுக்குள் பிரிந்திருந்தால் சத்தம் பொத்தென்று செத்துப்போகும். இரண்டு இடத்தில் சத்தம் மாறியது. இரண்டிலும் உள்ளே குறுக்குக்கட்டை இருந்தது, அதனால் வந்த மாற்றம். எஞ்சினின் பாரத்தைத் தாங்கும் கட்டைகளைக் கரணை முனையால் அழுத்திப் பார்த்தாள், அமுங்கவில்லை.

எஞ்சின் மூடியைத் திறந்ததும் முதலில் உள்ளங்கையை வைத்தாள். ஜில்லென்று இருந்தது. சண்டி எஞ்சினை ஆள் வருவதற்கு முன்னால் ஓட்டிச் சூடாக்கி, உடனே பிடிக்கிற மாதிரி காட்டுகிற வித்தை இங்கே நடக்கவில்லை. ஆயில் குச்சியை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்தாள். கறுப்பாக இருந்தது, தண்ணீர் புகுந்த ஆயில்போலப் பால் நிறத்தில் வெளுக்கவில்லை. இதெல்லாம் கேப்டன் வீட்டில் வரைந்து காட்டிச் சொல்லிக்கொடுத்தது. பார்க்க வேண்டியதையெல்லாம் சொல்லித்தர அவருக்குத் தெரியும், பார்க்கும்போது வாயை மூடிக்கொள்ளத்தான் தெரியாது.

படகின் பின்பக்கத்துக்கு வந்தாள். அடியில் தண்ணீர் நிற்கும் மட்டத்துக்கு ஒரு நீலக்கோடு போட்டிருந்தது. கோட்டுக்குக் கீழே இருந்த ஒவ்வொரு துளையையும், ஒவ்வொரு திருகையும் விரலால் தடவிப் பார்த்தாள். கோட்டுக்கு மேலே கையகலம் தள்ளி ஒரு பிளாஸ்டிக் குழாய் வாய் இருந்தது. உள்ளே சேரும் தண்ணீரைப் பம்பு வெளியே தள்ளுவதற்கான வழி. அதன் மேலும் வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தது. அதைப் பார்த்தாள், தாண்டிப் போனாள். குளியலறை போடுகிறவர்கள் தண்ணீர் நிற்கும் தரையைத்தான் பத்து முறை பார்ப்பார்கள். சுவரின் மேற்பாதியில் ஓட்டை இருந்தால் யாருக்கு என்ன?

சுற்றி முடித்தாள். குறை எதுவும் கிடைக்கவில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில், விட்டுப்போனது ஏதாவது இருக்குமா என்று மறுபடி ஒரு சுற்று வந்து பார்த்தாள். தண்ணீரில் இறக்கிப் பார்க்கலாம் என்றாள். கேப்டனின் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஒரு வெளிச்சம் வந்தது. அவள் உடனே இன்னொரு மிட்டாயைப் பிரித்தாள்.

சக்கரம் வைத்த சட்டத்தோடு படகைச் சரிவில் உருட்டி ஆற்றில் இறக்கினார்கள். மூன்று பேரும் ஏறினார்கள். மேஸ்திரி பெஞ்சின் நடுவில், பிடித்துக்கொள்ள வாகான இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். மருந்துக்கடைக்காரர் கரையைவிட்டு நகர்வதற்கு முன்பே தொடுவானத்தை உற்றுப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். எஞ்சின் ஒரே திருகலில் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் கரும்புகை கக்கிவிட்டு, பிறகு சீராக இருமிக்கொண்டு ஓடியது. நீலக்கோடு தண்ணீருக்கு மேலே அழகாகத் தெரிந்தது. தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்தாள், உள்ளே ஈரம்கூட இல்லை.

கேப்டன் ஸ்டியரிங்கைப் பிடித்து நின்றார். அதை இடமும் வலமும் திருப்பிப் பார்த்தார். வேகத்தைக் கூட்டினார், குறைத்தார், ஒரு வட்டம் போட்டார், பின்னோக்கி எடுத்தார். மிட்டாய் வாயில் இருந்ததால் வாயே திறக்கவில்லை. ஆனால் தோள் இரண்டும் பேசின. வீட்டில் அவை இப்படி இருந்ததே இல்லை. எத்தனை நாளாக அவர் கூன் விழுந்த மாதிரி நடந்தார் என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

பிறகுதான் அந்தக் காரியம் நடந்தது. ஆற்றின் நடுவில் ஒரு சிவப்பு மிதவை உண்டு. பல வருடமாக அந்த மிதவையைத் தாண்டியதும் வேகத்தைக் குறைத்து, இடது பக்கம் ஒடித்து, பழைய படகுத்துறையில் அணைப்பதுதான் அவருடைய கையின் வேலை. மிதவை வந்தது. கை வேகத்தைக் குறைத்தது. கை இடது பக்கம் ஒடித்தது. கேப்டனுக்கு அதில் எந்தச் சம்பந்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. படகு பட்டுப்போலப் போய்த் துறையில் ஒட்டி நின்றது. அவர் கயிற்றை எடுத்துக் கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, பழைய வழக்கப்படி ஓரமாக நகர்ந்து நின்றார்.

துறைக்கு மேலேதான் பஸ் நிறுத்தம். பஸ்ஸைக் காணாமல் வாடிப்போய் நின்ற கூட்டம், கேப்டனையும் படகையும் சேர்த்துப் பார்த்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. மறுபடி படகு விட்டுவிட்டார்கள் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டு, தடதடவென்று படியில் இறங்கி வந்தார்கள். முதலில் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி, மாலை டியூட்டிக்குப் போகிறவள். அவளுக்குப் பின்னால் காய்கறிக் கூடையோடு இரண்டு பெண்கள், ஒரு தச்சர், அவருடைய கருவிப்பெட்டி, பள்ளிக்கூட வாத்தியார், இன்னும் இரண்டு மூன்று பேர். ஏறினார்கள், பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தார்கள், மடியில் சாமானை வைத்துக்கொண்டார்கள்.

மேஸ்திரி கணவரைப் பார்த்தாள். கேப்டன் மனைவியைப் பார்த்தார். அப்போதுதான் தான் செய்துவைத்த காரியம் அவருக்குப் புரிந்தது. கண்ணிலேயே மன்னிப்புக் கேட்டார், வாயில் மிட்டாய் இருந்தது. இது விலை பேசுகிற படகு, இறங்குங்கள் என்று சொல்ல அவள் எழுந்தாள்.

"அப்பாடா, இனிமே அந்தப் பஸ்ஸுக்கு ஒரு கும்பிடு" என்றாள் நர்ஸ், மேஸ்திரியின் கையைப் பிடித்து. "டெய்லி வார்டுக்கு லேட்டாப் போயி ஏச்சு வாங்கியே அலுத்துப்போச்சுக்கா."

எழுந்தவள் உட்கார்ந்துவிட்டாள். மருந்துக்கடைக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, போகட்டும், பாரம் ஏற்றிப் பார்த்த மாதிரியும் ஆச்சு என்றார். உறை பிரிக்காத மிதவைச் சட்டைகளை எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். இத்தனை நாள் கழித்து அவற்றைப் போட்டுக்கொள்ள ஆட்கள் வந்ததில் அவருக்கு ஒரு திருப்தி.

பாதி ஆறு தாண்டியிருக்கும். மேஸ்திரிக்கு ஒரு சத்தம் கேட்டது. எஞ்சின் சத்தத்துக்கு அடியில், பெண்களின் பேச்சுக்கு அடியில், காலுக்குக் கீழே. டைலுக்கு அடியில் தண்ணீர் ஓடினால் வருமே, அந்த மாதிரி ஒரு களகள. முதலில் பிரமை என்று நினைத்தாள். பிறகு தன் காதை நம்பினாள். குனிந்து தரைப்பலகையைத் தூக்கினாள்.

கறுப்பாகத் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. சற்று முன் ஈரம்கூட இல்லாத இடம். பம்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனாலும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. தூக்கிய பலகையைக் கீழே வைக்க மறந்து அப்படியே பிடித்திருந்தாள். ஒவ்வொரு சாணும் தட்டிப் பார்த்த படகு. தன் காதை நம்பி, தண்ணீரில் இறக்கலாம் என்று சொன்னவள் அவள்தான்.

அந்தச் சமயத்தில் கடக்கென்று ஒரு சத்தம். கேப்டன் மிட்டாயைக் கடித்து நொறுக்கி விழுங்கினார்.

"எல்லாரும் எந்திரிச்சு மெதுவா முன்னாடி வாங்க" என்றார். டிக்கெட் கேட்கிற குரல்தான், அதைவிட ஒரு துளி உயரவில்லை. "கேபினுக்குள்ள ரெண்டு பேரு, மத்தவங்க அது மேல சாஞ்சுக்குங்க. தச்சரே, பெட்டியையும் தூக்கிட்டு வாங்க. ஒண்ணுமில்ல, பின்னாடி பாரம் ஜாஸ்தி."

அந்தக் குரலில் அப்படி என்ன இருந்தது என்று அவளுக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. ஒருவர்கூடத் தண்ணீரைப் பார்க்கவில்லை, ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. வரிசையாக எழுந்து முன்னால் போனார்கள். படகின் பின்பக்கம் மெல்ல மேலே எழும்பியது. களகள சத்தம் நின்றது.

"மேஸ்திரி, நீ இங்க வா. இதைப் பிடி" என்று ஸ்டியரிங்கைக் காட்டினார்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க."

"நேர்க்கோடு பிடிக்கத் தெரியுமில்ல? அதோ அந்த வெள்ளைக் கட்டடத்தைப் பாத்துப் பிடி. உன் கையுறை ஒண்ணைக் குடு."

அவள் பையிலிருந்து கலவை போடும்போது மாட்டுகிற மஞ்சள் ரப்பர் கையுறையை எடுத்துக் கொடுத்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்தாள். வெள்ளைக் கட்டடம் மூக்குக்கு நேராக நின்றது. வாழ்நாள் முழுக்க நூல் பிடித்தவளுக்கு அது ஒன்றும் கஷ்டமாக இல்லை. மருந்துக்கடைக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டு வாளியால் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றினார். வாந்தி எடுக்க அவருக்கு நேரமே இல்லை.

கேப்டன் பின்விளிம்பில் குப்புறப் படுத்து, வெளிப்பக்கமாகக் கையை நீட்டித் தடவினார். அவள் தாண்டிப்போன அதே குழாய் வாய். வெயிலில் காய்ந்து காய்ந்து பிளாஸ்டிக் வெடித்திருந்தது, மேலே அடித்த பெயின்ட் வெடிப்பை மூடியிருந்தது. ஒருவரோ இரண்டு பேரோ போனால் அது தண்ணீருக்கு மேலே நிற்கும், யாருக்கும் தெரியாது. பெஞ்சு நிறைய ஆள் ஏறிப் பின்பக்கம் தாழ்ந்ததும் அந்த வாய் தண்ணீருக்குள் போயிருக்கிறது. பம்பு தள்ளிய தண்ணீரும் வெடிப்பு வழியாகத் திரும்ப உள்ளேயே கொட்டியிருக்கிறது. பம்பை நிறுத்தச் சொல்லிவிட்டு, கையுறையின் மணிக்கட்டுப் பக்கத்தைச் சுருட்டிக் குழாய்க்குள் திணித்து, கட்டைவிரலால் அமுக்கி இறுக்கினார். வேலை முடிந்தது. எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் நின்றார். ஸ்டியரிங்கை வாங்கிக்கொள்ளவில்லை.

"நல்லாத்தான பிடிக்கிற, அப்படியே போ" என்றார்.

அவள் போனாள். தண்ணீர் இரண்டு பக்கமும் அகலமாகக் கிடந்தது. இத்தனை வருடமாக, கண்ணால் பார்க்காமலே இந்த மனுஷனுக்காகப் பயந்திருக்கிறாள். பயந்ததெல்லாம் தண்ணீரை நினைத்துத்தான், அவரை நினைத்தே பார்க்கவில்லை. தண்ணீர் ஏறியபோது செய்வதறியாமல் பலகையைப் பிடித்திருந்தவள் அவள். ஆட்களை முன்னால் அனுப்பி ஓட்டையை அடைத்தவர் அவர். அவருடைய இடம் இதுதான், நிழலில் போட்ட நாற்காலி இல்லை. இது புரிந்ததும் பெருமையாக இருந்தது, கூடவே தன் மேல் கோபமும் வந்தது. காரணமே இல்லாமல் வேண்டாம் என்று சொன்ன அந்த இன்னொரு படகு நினைவுக்கு வந்தது. காரணம் இருந்தது. அந்தப் படகில் குறை இல்லை, அதுதான் காரணம்.

அக்கரைத் துறை நெருங்கியபோது அவர் ஸ்டியரிங்கை வாங்கி அணைத்தார். ஆட்கள் ஒவ்வொருவராக மிதவைச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு இறங்கினார்கள். தச்சர் மட்டும் திரும்பி நின்று படகின் பின்பக்கத்தைப் பார்த்தார். குழாயிலிருந்து மஞ்சள் கையுறையின் ஐந்து விரலும் வெளியே நீட்டிக்கொண்டு, போய்ட்டு வா என்று கையாட்டுவது போலக் காற்றில் ஆடின. புதுசாக ஒரு பைப் வாய் போட்டு, சுற்றிப் பசை வைத்து இறுக்கினால் அரை நாள் வேலை என்று சொல்லிவிட்டுப் போனார்.

மருந்துக்கடைக்காரர் வாளியோடு நின்றார். முட்டி வரைக்கும் நனைந்திருந்தது, முகம் செத்துப்போயிருந்தது. அந்தப் பெயின்டை அடித்தது தான்தான் என்றும், பின்னால் பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று அடித்ததாகவும், அடியில் வெடிப்பு இருப்பது சத்தியமாகத் தெரியாது என்றும் சொன்னார். தனியாகவே போய்வந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்? வேண்டாம் என்றால் தயங்காமல் சொல்லிவிடுங்கள், தப்பாக நினைக்க மாட்டேன் என்றார்.

கேப்டன் கயிற்றை அவிழ்ப்பது போல முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். ஒரு குறை கண்டால் முடிந்தது என்று கையில் அடித்துக் கொடுத்தவர் அவர். குறையைக் கண்டுபிடித்துக் கையுறை வைத்து அடைத்தவரும் அவரே. அதை வைத்து அவர் வாதாடப் போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ஆள், திங்கட்கிழமை காலையில் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார், முகத்தில் குறையே காட்ட மாட்டார்.

படியேறிக்கொண்டிருந்த நர்ஸ் நின்று திரும்பினாள்.

"கேப்டன், நாளைக்குக் காலையில முதல் டிரிப்பு எத்தனை மணிக்கு?"

அவர் மனைவியைப் பார்த்தார். வாஷிங் மெஷின் கடையிலும் ஸ்கூட்டர் கடையிலும், எல்லாம் பேசி முடித்துக் கெடுத்த பிறகு பார்ப்பாரே, அதே பார்வை. ஆனால் இந்த முறை ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை.

மேஸ்திரி முக்காட்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டினாள்.

"நாளைக்குக் கிடையாதும்மா" என்றாள். "ஒரு பைப் மாத்தணும். ஆபீஸ்ல கொண்டுபோய்க் காட்டணும். பின்னாடி எத்தனை பேரு, முன்னாடி எத்தனை பேருன்னு பெஞ்சுல கோடு போடணும், அதை நானே போடுறேன். திங்கட்கிழமை வாங்க. ஏழே முக்கால். பழைய நேரம்தான்."

நர்ஸ் தலையாட்டிவிட்டுப் போனாள். மருந்துக்கடைக்காரர் வாளியைக் கீழே வைத்தார். மேஸ்திரி பைக்குள் கையை விட்டுத் துழாவினாள், மிட்டாய் தீர்ந்துபோயிருந்தது. பரவாயில்லை என்று நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். அவர் வாயில் எதுவும் இல்லை, தடுக்கவும் யாரும் இல்லை. படகை எவ்வளவு வேண்டுமானாலும் புகழ்ந்திருக்கலாம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேசாமல் கயிற்றை அவிழ்த்தார்.